வேடமிட்ட பொலிசாரும் விலைக்கு வாங்கிய ஒப்புதலும்

குற்றம் புரிந்தவனே அதனைத் தன் வாயால் ஒப்புக்கொள்வானாயின் வேறு சான்று எதற்கு என்னும் எண்ணம் மக்கள் மனத்தில் ஆழ வேரூன்றியுள்ளது. இவ்வெண்ணம் எத்துணை ஆபத்தானது என்பதைக் கனடாவில் ‘மிஸ்டர் பிக்’ என வழங்கும் பொலிஸ் உத்தி தெளிவாகப் புலப்படுத்துகின்றது.

1990களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் கொலம்பியாவில் உருப்பெற்ற இவ்வுத்தி நாடகத்தை ஒத்தது. பொலிசார் குற்றக் கும்பலாக வேடமேற்றுச் சந்தேகநபருடன் நட்புக்கொள்வர். சிறு வேலைகளும் பணமும் வழங்குவர். இறுதியிற் கும்பலின் தலைவராக நடிப்பவர் தோன்றிப் பழைய குற்றத்தைக் கூறுமாறு வற்புறுத்துவார். கூறினாற் கும்பலில் இடமுண்டு. மறுத்தால் நட்பும் வருவாயும் பறிபோகும். நடைபெறுவது நாடகம் என்பதை அறியாதவன் அவன் ஒருவனே. 2008ஆம் ஆண்டளவில் இவ்வுத்தி 350க்கு மேற்பட்ட தடவைகள் கையாளப்பட்டிருந்தது.

இதன் இயல்பை ஹார்ட் வழக்கிற் காணலாம். 2002இல் நியூபவுண்ட்லாந்தின் காண்டர் ஏரியில் மூன்று வயது இரட்டைப் பெண்குழந்தைகள் மூழ்கி இறந்தனர். தந்தைமீது ஐயுற்ற பொலிசார் 2005இல் நான்கு மாதங்களில் 63 காட்சிகளை அரங்கேற்றினர். அரச உதவிப்பணத்தில் நண்பரின்றி வாழ்ந்த அவருக்கு 15,000 டொலருக்கு மேற் கிடைத்தது. தமக்கு வலிப்பு ஏற்பட்டதாகவே அவர் முதலிற் கூறினார். அவ்விடை ஏற்கப்படாதபோதே கொலையை ஒப்புக்கொண்டார். 2007இல் அவர் குற்றவாளியாகக் காணப்பட்டார். 2014இல் கனேடிய உயர் நீதிமன்றம் அவ்வொப்புதல்களை நிராகரிக்க, குற்றச்சாட்டும் கைவிடப்பட்டது.

நீதியரசர் மொல்டேவர் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பின்படி, இத்தகைய ஒப்புதல் முதனோக்கில் ஏற்கத்தகாதது. அதன் சான்றுப் பெறுமதி அதனால் விளையும் பாதகத்தை விஞ்சுவதை அரச தரப்பே நிறுவுதல் வேண்டும். இது வரவேற்கத்தக்கதே. இவ்வுத்தி உண்மையை ஒருபோதும் வெளிக்கொணராது என்றுங் கூறவியலாது. அதே ஆண்டில் தீர்க்கப்பட்ட மாக் வழக்கில், சந்தேகநபர் காட்டிய இடத்திலேயே இறந்தவரின் எச்சங்கள் கிடைத்தன.

ஆயினும் இங்கு ஒரு முரண்பாடு எஞ்சுகின்றது. ஒப்புதலை உறுதிப்படுத்தும் புறச்சான்று உள்ள இடத்தில் ஒப்புதலின் தேவை குறைவு. புறச்சான்று இல்லாத இடத்திலேயே நாடகம் பெரிதும் நாடப்படுகின்றது. பொய் ஒப்புதலின் ஆபத்து மிகுவதும் அங்கேதான். மானிடோபாவில் ஓர் இளைஞன் அளித்த ஒப்புதலிற் குறிப்பிடப்பட்ட பாலம், கொலை நடந்த காலத்திற் கட்டப்பட்டிருக்கவேயில்லை. எனினும் 1992இல் அவன் தண்டிக்கப்பட்டான். 2009இலேயே குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டான்.

தீர்ப்பின் குறைபாடு இதனாற் புலனாகும். நாடகம் முடிந்தபின் அதன் விளைவை அது நிறுத்துப் பார்க்கிறதேயன்றி, வறுமையையும் தனிமையையும் முதலாகக் கொண்டு நாடகம் நடத்துவதைத் தடுக்கவில்லை. பசித்தவனுக்குச் சோறும் தனித்தவனுக்குத் தோழமையும் காட்டிப் பெறும் சொல்லில், உண்மை எவ்வளவு, விலை எவ்வளவு என்பதை எத்தராசும் எளிதில் நிறுத்துவிடாது.