எண்ணும்மையும் எச்சமும்: கோலார் தங்கவயல் அச்சேற்றிய உரைநடையை முன்வைத்து

உரைநடைச் செம்மை பற்றிய கையேடுகள் இரண்டு நெறிகளை ஒருசேர வலியுறுத்துவது வழக்கம். ஒருநிலைப்பட்ட கருத்துகளை ஒத்த அமைப்பில் எழுதுதல் ஒன்று. வாக்கியங்களின் நீளத்தையும் அமைப்பையும் வேறுபடுத்தி எழுதுதல் மற்றொன்று. ஆங்கில உரைநடையை அடிப்படையாகக் கொண்டு வகுக்கப்பட்ட இந்நெறிகள் தமிழுக்கு வரும்போது, இரண்டாவது 'நீண்ட வாக்கியத்தை உடைத்தெழுதுக' என்று சுருங்கிவிடுகிறது. முதலாவது தமிழ் வாக்கியத்தில் எவ்விடத்தில் அமைகிறது என்னும் வினா எழுப்பப்படுவதே இல்லை. இதனால் நேரும் இழப்பு, பழைய உரைநடையைப் பதிப்பிக்கும்போதும் மொழிபெயர்க்கும்போதும் வெளிப்படுகிறது. அவ்வுரைநடைகளுள் ஒன்று அயோத்திதாச பண்டிதருடையது.

அயோத்திதாசர் (1845-1914) 1907இல் சென்னையில் 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழைத் தொடங்கினார். அடுத்த ஆண்டில் அது 'தமிழன்' எனப் பெயர் மாறியது. இவ்விதழின் வாசகருள் பலர் கோலார் தங்கவயலில் இருந்தனர். வட ஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து சுரங்க வேலைக்குச் சென்று அங்கே குடியேறியவர்கள் அவர்கள். மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கம் இயங்கியது. 1912இல் வெளிவந்த 'புத்தரது ஆதிவேதம்' உள்ளிட்ட அவருடைய நூல்களை அவ்வூர்ச் சித்தார்த்த புத்தகசாலை அச்சில் நிலைபெறச் செய்தது. பின்னர் ஜி. அப்பாதுரையார் 'தமிழன்' இதழைத் தங்கவயலிலிருந்தே நடத்தினார். 2001இல் மூடப்பட்ட சுரங்கத்தின் வரலாற்றில் இந்த அச்சுப் பணிக்கு உரிய இடம் இன்னும் தரப்படவில்லை.

ஒத்த அமைப்பு பற்றிய சிந்தனை தமிழிலக்கணத்திற்குப் புதிதன்று. தொல்காப்பியம் கிளவியாக்கத்தில், வேறுவேறு வினைகளுக்கு உரிய பொருள்களைப் பொதுச்சொல்லால் குறிக்கும்போது அவற்றுள் ஒன்றற்கு மட்டும் உரிய வினையைக் கூறலாகாது என்று விதித்து, அப்பொருள்களைத் தனித்தனியே எண்ணும்போதும் அதுவே மரபு என்கிறது. சோற்றையும் கறியையும் சேர்த்தெண்ணினால் இரண்டிற்கும் பொதுவான 'அயின்றார்' என்னும் வினை வரவேண்டும் என்பது உரையாசிரியர் விளக்கம். எண்ணப்படும் உறுப்புகள் அனைத்தும் இறுதியில் நிற்கும் ஒரு வினைக்குப் பொருந்த வேண்டும் என்பதே இவ்விதியின் உட்கிடை. கையேடுகள் ஆங்கிலத்திலிருந்து இறக்குமதி செய்யும் கருத்து இதனினும் நுட்பமானது என்று சொல்வதற்கில்லை.

ஆயினும் ஒரு வேறுபாடு முதன்மையானது. ஆங்கிலத்தில் பொதுவினை முன்னே நிற்க, எண்ணப்படும் உறுப்புகள் பின்னே வருகின்றன. தமிழில் உறுப்புகள் முன்னே வர, அவற்றை ஆளும் வினை கடைசியில் நிற்கிறது. 'படிக்கவும் எழுதவும் முடியும்' என்பதிலும் 'படிப்பதும் எழுதுவதும் வழக்கம்' என்பதிலும் முதல் உறுப்பின் விகுதியே, இன்னும் எழுதப்படாத இறுதிச் சொல்லை எதிர்நோக்கி அமைகிறது. 'படிப்பதும் எழுதவும் முடியும்' என எழுதுவோர் இலக்கணம் அறியாதவர் அல்லர். வாக்கியத்தின் முடிவைத் தீர்மானிக்காமல் தொடங்கியவர். ஆகவே தமிழில் ஒத்த அமைப்பை உறுப்புகளின் முதலில் தேடுவது பயனற்றது. அது அவற்றின் ஈற்றில் உள்ளது.

அயோத்திதாசரின் வாக்கியம் இவ்வீற்றொப்புமையை முதன்மைக் கருவியாகக் கொண்டது. உம்மை ஏற்ற வினையெச்சங்கள் அடுத்தடுத்து நின்று ஒரு முற்றுவினையில் முடிவது அவர் நடையில் மிகுதி. இந்த அமைப்பின் ஆற்றலை, அவருடையதல்லாத, விளக்கத்திற்கென அமைத்த ஒரு தொடரால் காட்டலாம்: 'பாதாளத்தில் இறங்கியும், பாறையை உடைத்தும், பொன்னை மேலேற்றியும் கூலி போதாது தவிக்கிறார்கள்.' கையேட்டின்படி உடைத்தெழுதினால் இது 'பாதாளத்தில் இறங்குகிறார்கள். பாறையை உடைக்கிறார்கள். பொன்னை மேலேற்றுகிறார்கள். கூலி போதாது தவிக்கிறார்கள்' என்றாகும். செய்திகள் நான்கும் எஞ்சுகின்றன, வழக்கு எஞ்சவில்லை. முதல் தொடரில் உம்மை எண்ணுப்பொருளோடு 'இவ்வளவு செய்தபோதிலும்' என்னும் பொருளையும் தாங்கி நிற்கிறது. முறையீடு அவ்விடைச்சொல்லில்தான் இருந்தது. வேறுபாடு வேண்டி உடைத்த வாக்கியங்களோ நான்கு இடத்தும் '-கிறார்கள்' என்றே முடிகின்றன. மாற்றம் கருதிச் செய்த திருத்தம் சலிப்பில் முடிந்த விந்தை இது. வினைமுற்று கடைசியில் நிற்கும் மொழியில், வாக்கியத்தைக் குறுக்குவதால் மட்டும் நடை வேறுபடாது. பெயர்ப்பயனிலை, வினையாலணையும் பெயர், எதிர்மறை, வினா என முடிபின் வகையும் மாறவேண்டும்.

சொல்லளவிலும் இத்தகைய இழப்பு நேர்கிறது. 'யதார்த்த பிராமணர்', 'வேஷ பிராமணர்' என்பன அவர் எதிரெதிர் நிறுத்திய இணை. தலைச்சொல் ஒன்றாகவும் அடை மட்டும் வேறாகவும் இருப்பதே அங்கு வாதம். சொல் மறுவரவைத் தவிர்க்கும் எண்ணத்தால் 'வேஷ' என்பதை ஓரிடத்தில் 'போலி' என்றும் பிறிதோரிடத்தில் 'வேடமிட்ட' என்றும் மொழிபெயர்ப்பாளர் மாற்றுவாராயின், ஒரு கலைச்சொல் மூன்று வசைச்சொற்களாகச் சிதறிவிடும்.

இவ்வுரைநடை குறையற்றது என்பது கருத்தன்று. எச்சங்கள் பெருகும்போது எழுவாய் மங்கும் இடங்கள் அதில் உண்டு. மேற்கோள் செய்யுளும் அதன் விளக்கமும் ஒரே ஓட்டத்தில் கலந்து, இக்கால வாசகரைத் திணறச் செய்வதும் உண்டு. அங்கெல்லாம் பதிப்பாசிரியர் நிறுத்தற்குறியால் உதவலாம். வினையெச்சத்தை முற்றாக்குவது உதவியாகாது. 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்துப் பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' இவ்வுரைநடையைப் பரவலாகக் கிடைக்கச் செய்தபின், எளிமைப்படுத்தும் ஆசையும் கூடவே வளர்வது இயல்பே.

மொழிபெயர்ப்பில் சிக்கல் இலக்கு மொழிக்கேற்ப வேறுபடும். தங்கவயலைச் சூழ்ந்த கன்னடத்தில் 'ஊ' என்னும் இடைச்சொல் எண்ணுப்பொருளையும் 'ஆயினும்' என்னும் பொருளையும் தாங்கி எச்சத்தோடு சேரும். வினைமுற்றும் கடைசியில் நிற்கும். எனவே கன்னட மொழிபெயர்ப்பாளர் தொடரை உடைக்கத் தேவையே இல்லை. ஆங்கிலத்தில் பெயர்ப்பவர், முன்னே வைக்கும் ஒரு துணைவாக்கியத்தால் 'ஆயினும்' பொருளைக் காத்து, உறுப்புகளை அதனுள் ஒத்த வடிவில் அடுக்கலாம். அங்கே ஒப்புமை ஈற்றிலிருந்து முதலுக்கு இடம்பெயர்கிறது. முடிபு வினையை மட்டும் இறுதிவரை தாழ்த்தி வைக்க வேண்டும். அதை முன்னே கொணர்ந்தால், வாசகர் தவிப்பை முதலில் கேட்டு, உழைப்பைப் பின்னரே அறிவார்.