காணாத முகத்தின் மெய்ம்மை

அல்சூர் ஏரியருகே நிற்கும் திருவள்ளுவர் சிலையைக் காட்டி, “வள்ளுவர் இப்படித்தான் இருந்தாரா?” என்று நம் குழந்தைகள் வினவுவதுண்டு. எளிய வினாவே, ஆயினும் கலையின் அடிப்படையையே அது தொடுகின்றது. எவரும் கண்டிராத ஒருவரைக் கண்டு வரைந்தாற்போல் காட்டுவது எவ்வாறு இயலும்?

முதற்கண் இரவிவர்மாவை (1848–1906) நோக்குவோம். நான்கு கைகளையுடைய பெண்ணை உலகில் எவரும் கண்டதில்லை. எனினும் அவர் தீட்டிய சரசுவதியை நம் கண் ஐயுறுவதில்லை. சேலை மடிப்பில் வீழும் நிழலும், மடியில் சார்ந்த வீணையும், அணிகலன்களின் ஒளியும் நாம் நன்கறிந்தவை. மனிதன் செய்த இப்பொருள்கள் பிழையற அமைந்தமையால், அவற்றிடையே அமர்ந்த கற்பனையும் மெய்யாகிவிடுகின்றது. அறிந்த பொருள் அறியாத பொருளுக்குச் சான்று பகர்கின்றது எனலாம். 1894-இல் அவர் நிறுவிய அச்சகம் அவ்வுருவங்களை வீடுதோறும் கொண்டு சேர்த்தது.

வேணுகோபால் சர்மா சென்ற நெறி வேறு. 1964-இல் சென்னைச் சட்டமன்றத்தில் திறக்கப்பெற்ற அவருடைய வள்ளுவர் ஓவியத்தில் ஏடும் எழுத்தாணியும் உண்டு. முடிந்த குடுமியும் தாடியும் உண்டு. சமயக் குறி ஏதும் இல்லை. இரவிவர்மா சேர்த்துச் சேர்த்து நம்ப வைத்தார். சர்மாவோ விலக்கி நம்ப வைத்தார். அவ்வடக்கமே எல்லோரும் தம்மவர் என்று கொள்ள இடந்தந்தது.

கணபதி ஸ்தபதியின் குமரிச் சிலை (2000) இன்னும் ஒருபடி மேற்சென்றது. 38 அடிப் பீடம் அறத்துப்பாலின் அதிகாரங்களையும், 95 அடி உருவம் ஏனை இரு பால்களின் அதிகாரங்களையும் குறிப்பன. அங்கே நூலே உடலாயிற்று.

எனினும் ஒரு குறையைச் சொல்லாதிருத்தல் ஆகாது. பலகாற் கண்ட உருவத்தையே உண்மையென மயங்குதல் மனித இயல்பு. படத்திற்கு மாலையிட்டுவிட்டு நூலைத் திறவாதிருப்போமாயின், ஓவியனின் வெற்றி நமக்குத் தோல்வியாகும்.

1991-இல் இந்நகரில் நிறுவப்பெற்ற நம் சிலை 18 ஆண்டுகள் மூடியே கிடந்தது. 2009 ஆகஸ்டு 9-இல்தான் திறப்புற்றது. நான்காம் நாள் சென்னையில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை திறக்கப்பெற்றது. அவர் முகத்தையும் நம் காலத்தார் எவரும் கண்டதில்லை. காணாத இரு முகங்களை இரு நகரங்களும் தமக்குள் மாற்றிக்கொண்டன. அதுகாறும் சிலைதான் மூடியிருந்தது. குறளை எவரும் மூடவில்லை.

ஆகவே, குழந்தை வினவும்போது நாம் மெய்யே கூறுவோம்: “அவர் முகத்தை யாரும் அறியார், தமிழர் அவரை இப்படிக் காண விரும்பினர்.” பின்னர் 1,330 குறட்பாக்களுள் ஒன்றையேனும் அவ்விடத்திலேயே சொல்லிக் கொடுப்போம். அந்த உருவத்தில் ஐயத்திற்கு இடமில்லை.