கதை படிக்கும் பாத்திரம்

கதையைப் படிப்போர் வெளியே நிற்பவர். பாத்திரமோ உள்ளே வாழ்வது. இடையில் ஒரு வேலி உண்டு. கல்கி போன்ற ஆசிரியர்கள் வாசகரைப் பன்முறை விளித்துத் தம்முடன் அழைத்துச் சென்றார்கள் என்பது உண்மையே. ஆயினும் வந்தியத்தேவன் ஒருநாளும் திரும்பி நின்று, தன் கதையைத் தானே படித்ததில்லை. அவ்வேலியைத் துணிந்து தாண்டிய தமிழ் நாவல் ஒன்றைப் பற்றியே இங்குச் சொல்ல விழைகிறேன்.

1966இல் ஆனந்த விகடனில் ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ வெளிவந்தது. மழை நாளில் காரில் ஏறிய கல்லூரிப் பெண்ணொருத்தி கெடுக்கப்பட்டு வீடு திரும்புகிறாள். தாய் முதலில் அடித்தாலும், பின் தெளிந்து, மகளின் தலையில் நீரை ஊற்றி, அவள் தூயவளே என்று தேற்றுகிறாள். அக்கம்பக்கத்தார்க்கு விஷயம் தெரியாமல் மறைத்தும் விடுகிறாள். அவ்வளவுதான் கதை. ஆனால் வாசகரிடையே எழுந்த கொந்தளிப்பு பெரிது. எந்தத் தாய் இப்படிச் செய்வாள் என்று கேட்டோர் பலர்.

ஆசிரியர் அவர்களுக்கு விடையாகக் கட்டுரை எழுதியிருக்கலாம். அவரோ 1970இல் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலைத் தந்தார். இதில் வரும் தாய் கனகம், வாசகர் எதிர்பார்த்தபடியே ஊரறியக் கதறுகிறாள். மகள் கங்கா வீட்டை விட்டு விரட்டப்படுகிறாள். ஆண்டுகள் பல கழிந்தபின், ஆர்.கே.வி. என்பார் எழுதியதாக ‘அக்கினிப் பிரவேசம்’ ஒரு பத்திரிகையில் வருகிறது. அதைத் தாயும் படிக்கிறாள், மகளும் படிக்கிறாள்.

திறனாய்வாளர் பலரும் கங்காவைப் பற்றியே பேசுவர். என் கருத்தில், இந்நாவலின் மெய்யான வாசகி கனகமே. கங்காவுக்கு அக்கதையின் முடிவு வேறு யாரோ ஒரு பெண்ணுக்குக் கிடைத்த பேறு. கனகத்துக்கோ, தான் செய்திருக்கக்கூடிய செயலொன்று அச்சில் ஏறி வந்து கண்முன் நிற்கிறது. படித்ததால் நெஞ்சு மாறுகிறது. மாறிய நெஞ்சால் இனி ஆகப்போவது ஒன்றுமில்லை. எழுத்தின் ஆற்றலையும் அதன் இயலாமையையும் ஒருங்கே காட்டிய இடம் இது.

ஆனால் ஆசிரியரிடம் ஒரு வழக்கு உண்டு. ‘தாய் இப்படிச் செய்யமாட்டாள்’ என்பது வேறு; ‘செய்யக்கூடாது’ என்பது வேறு. முன்னது கதையின் நம்பகத்தைப் பற்றிய ஐயம். பின்னது ஒழுக்கத் தீர்ப்பு. முன்னதை மட்டும் கேட்ட வாசகரையும் சேர்த்தல்லவோ நாவல் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது? அன்றியும், சட்டமும் சாத்திரமும் பேசும் வெங்கு மாமா முதலாக, பாத்திரங்கள் பலவும் சிற்சில இடங்களில் ஜெயகாந்தனின் மேடைக் குரலிலேயே வாதிடுகின்றன. கங்கா தன் வாயாலேயே கதை சொல்லுவதால் இக்குறை ஓரளவு மறைகிறது.

1972ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதமி பரிசு இந்நாவலுக்குக் கிடைத்தது. 1977இல் திரைப்படமாகவும் வந்தது. பின்னர்த் தொடர்ச்சியாக ‘கங்கை எங்கே போகிறாள்’ வெளிவந்தது. எத்தகைய கதையைச் சொன்னாலும், “அப்புறம் என்ன ஆச்சு, சார்?” என்று வகுப்பில் பிள்ளைகள் கேட்பதுண்டு. முதல் நாவல் வாசகரின் மனச்சான்றோடு பேசியது. பின்னதோ இந்த ‘அப்புறம்’ என்ற கேள்விக்கே பெரிதும் விடை சொல்கிறது. கனகத்தைப் போன்ற வாசகி ஒருத்தியை அதில் தேடினேன், கிடைக்கவில்லை.