தன்னிலைக்குக் கீழே கிடப்பது

‘சப்ஜெக்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லைத் ‘தன்னிலை’ என்று எழுதிப் பழகிவிட்டோம். நானும் நிறைய எழுதியிருக்கிறேன். ஒரு வாசிப்புக் கூட்டத்தில் அப்படியொரு கட்டுரையைப் படித்து முடித்தபோது பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்டார்: “காலேஜ்ல சப்ஜெக்ட்னா பாடம். இலக்கணத்துல எழுவாய். சரித்திரத்துல பிரஜை. நீங்க தன்னிலைங்கறீங்க. எல்லாம் ஒரே சொல்தானா சார்?” அன்று எதையோ சொல்லிச் சமாளித்தேன். இது அந்தச் சமாளிப்புக்கான பிராயச்சித்தம்.

ஒரே சொல்தான். லத்தீனில் அதன் பொருள் கீழே எறியப்பட்டது, கீழே வைக்கப்பட்டது. குணங்களைத் தாங்கிக்கொண்டு அடியில் கிடப்பதை அரிஸ்டாட்டில் கிரேக்கத்தில் ஒரு சொல்லால் குறித்தார். லத்தீன்காரர்கள் அதை இப்படிப் பெயர்த்தார்கள். எழுவாய், பேசுபொருள், பாடம் எல்லாம் இந்தக் கிளையில் வருபவை. இன்னொரு கிளை அரசனுக்குக் கீழ்ப்பட்டவன். நம் பாட்டன் பூட்டன்மார் பிரிட்டிஷ் சட்டத்தின் கண்ணுக்கு இந்த வகை சப்ஜெக்ட்கள்தான். பிற்பாடு ஐரோப்பியத் தத்துவம் இதே சொல்லைத் தூக்கி, அறிகிற, செயல்படுகிற ‘நான்’ என்பதன் சிம்மாசனத்தில் உட்கார்த்தியது. பழைய அர்த்தமும் போய்விடவில்லை.

இந்த இரட்டைத்தன்மையின் மேல்தான் கோட்பாடே நிற்கிறது. 1970இல் வெளியான கட்டுரையில் அல்தூஸர் ஒரு தெருக்காட்சியைச் சொல்கிறார். போலீஸ்காரன் கூப்பிடுகிறான், நடந்துபோகிறவன் திரும்பிப் பார்க்கிறான், திரும்பிய அந்தக் கணத்தில் அவன் சப்ஜெக்ட் ஆகிறான். அதாவது ‘நான்’ ஆவதும் கீழ்ப்படுவதும் ஒரே அசைவு. 1982இல் ஃபூக்கோவும் இச்சொல்லின் இரண்டு அர்த்தங்களைப் பிரித்துக் காட்டி, இரண்டிலும் அடக்குகிற அதிகாரம் இருக்கிறது என்றார்.

‘தன்னிலை’யில் தன் இருக்கிறது, நிலை இருக்கிறது, கீழ் இல்லை. ‘எழுவாய்’ இன்னும் ஒரு படி மேலே போய் எழுந்தே நிற்கிறது. ஆகவேதான் நம் கட்டுரைகளில் தன்னிலை விடுதலையின் பெயராக மாறி, ‘தன்னிலையை மீட்போம்’ என்று சுலபமாக எழுத முடிகிறது. எதன் அடியிலிருந்து மீட்பது என்ற கேள்வியை மொழிபெயர்ப்பே விழுங்கிவிட்டது.

அந்தத் தெருக்காட்சிக்கே திரும்புவோம். பிரெஞ்சில் அல்தூஸரின் போலீஸ்காரன் மரியாதைப் பன்மையில் கூப்பிடுகிறான்: “ஏய், நீங்கதான், அங்கே!” ஆங்கிலத்துக்கு வந்ததும் அந்தப் பன்மை மறைந்துபோகிறது, அந்த மொழியில் எல்லோருக்கும் ஒரே முன்னிலைதான். தமிழில் கூப்பிட வேண்டுமானால் வாயைத் திறக்கும் முன்பே முடிவு செய்தாக வேண்டும்: டேய்யா, தம்பியா, ஐயாவா, சாரா? பேரன் வயதுப் பையன் சாதியின் தைரியத்தில் ஒரு கிழவரை ‘டா’ போட்டுக் கூப்பிடுவதைப் பார்த்தவர்கள் நாம். கிழவர் திரும்பினாலும் திரும்பாவிட்டாலும் அவருடைய இடம் அந்த விகுதியிலேயே தீர்ப்பாகிவிட்டது. கோட்பாட்டுக்கு நம் தெரு சொல்லித் தர வேண்டியது இது. நாமோ கோட்பாட்டை மட்டும் தெருவுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

சரி, வேறு சொல் உண்டா? தேடிக்கொண்டிருந்தபோது காலடியில் கிடந்தது: ‘ஆள்’. “நல்ல ஆளுய்யா நீ” என்றால் மனிதன். பண்ணையாள் என்றால் அடிமைப்பட்டவன். வினையாக வந்தால் ஆட்சி செய். ‘ஆட்பட்டேன்’ என்று பக்தன் உருகும்போது, கீழ்ப்படுதலே தன்னை அடைவதாகவும் ஆகிறது. அல்தூஸர் ஒரு தெருக்காட்சி அமைத்து விளக்கியதை இரண்டெழுத்தில் வைத்திருக்கிறோம்.

தன்னிலையைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. தமிழுக்குள் அது காலூன்றிவிட்டது. ஆனால் அதை எழுதுகிற ஒவ்வொரு முறையும் அடியில் ஓர் ஆள் கிடப்பது தெரிய வேண்டும். அன்று அந்த மாணவிக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது: ஆமாம்மா, எல்லாம் ஒரே சொல்தான். தனித்தனியாக்கி, அதில் கீழே கிடந்ததை மறைத்துவிட்டவர்கள் நாங்கள்தான்.