நோக்கியா 1100: தடிமனில் இருக்கிறது தரம்

2003-இல் வந்த போனை இப்போது ஏன் விமர்சிக்க வேண்டும்? கையடக்கக் கருவிகளின் உடலை வடிவமைப்பது என் தொழில். அந்தத் தொழிலின் அடிப்படைக் கேள்விகளுக்கு நோக்கியா 1100 சொன்ன பதில்கள் இன்றும் செல்லும். கொல்கத்தா சாந்தினி சௌக்கின் பழுதுபார்ப்புக் கடைகள் வழியாகக் கைக்கு வந்த ஒரு 1100-ஐ மழைக்காலத்தில் பயன்படுத்தினேன். பிறகு முழுதாகப் பிரித்துப் பார்த்தேன்.

இந்த ஊருக்கும் நோக்கியாவுக்கும் பழைய உறவு உண்டு. 1995 ஜூலை 31 அன்று இங்குள்ள ரைட்டர்ஸ் பில்டிங்கிலிருந்து அன்றைய மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு, டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். நாட்டின் முதல் செல்போன் அழைப்பு அது. பேசியது நோக்கியா கருவியில். அன்று செல்போன் வசதி படைத்தவர்களின் பொருள். அதை எளியவர் கைக்குக் கொண்டுவந்த போன்களில் 1100-க்குத் தனி இடம் உண்டு. உலகெங்கும் 25 கோடிக்கு மேல் விற்றது.

உடல்

எடை 86 கிராம், தடிமன் 20 மில்லிமீட்டர். விசைப்பலகை முழுவதும் ஒரே ரப்பர் விரிப்பு. விசைகளுக்கு இடையே இடுக்கு இல்லாததால் தூசியும் வியர்வையும் உள்ளே இறங்க வழியில்லை. பக்கங்கள் வழுக்காதவை, கொல்கத்தாவின் புழுக்கத்தில் கை நனைந்திருக்கும்போதும் பிடி தளரவில்லை. ஆனால் இது நீர்புகா போன் அல்ல. தூறல் வேறு, தெருவில் தேங்கும் வெள்ளம் வேறு.

கீழே விழும் பொருளின் ஆற்றல் எங்காவது செலவாகியே தீரும். கண்ணாடி உடலில் அது விரிசலாகச் செலவாகிறது. 1100-இல் பிளாஸ்டிக் உறை வளைகிறது, கொக்கிகள் விடுபடுகின்றன, மூடியும் பேட்டரியும் தெறிக்கின்றன. திரையைச் சேரும் அடி குறைகிறது. எடுத்து மாட்டினால் மறுபடி பேசலாம்.

மேல்முனையில் டார்ச். மின்வெட்டை 'லோட்ஷெடிங்' என்றே சொல்லிப் பழகிய ஊரில் அதன் அருமையை விளக்க வேண்டியதில்லை.

பிரித்தால்

பின்மூடியைக் கையாலேயே கழற்றலாம். பி.எல்-5சி பேட்டரி இன்றும் சாதாரணக் கடைகளில் கிடைக்கிறது. டார்க்ஸ் திருப்புளி ஒன்று இருந்தால் மீதியும் பிரிந்துவிடும்; பசையைச் சூடாக்கி இளக்கும் வேலை இல்லை. பழுதுபார்ப்பவரையும் மனத்தில் வைத்து வரைந்த போன் இது.

குறைகள்

2ஜி மட்டுமே. அதனால் ஜியோ சிம் வேலை செய்யாது. யுபிஐ, வாட்ஸ்அப் கிடையாது. இன்றைய நானோ சிம்முக்கு அடாப்டர் வேண்டும். பழைய பேட்டரி உப்பியிருந்தால் உடனே மாற்றிவிடுங்கள்.

முடிவு

பேசுவதற்கு மட்டும் இரண்டாவது போன் வேண்டும் என்பவர்கள் தாராளமாக வாங்கலாம். வடிவமைப்பு படிக்கும் மாணவர்கள் ஒன்றை வாங்கிப் பிரித்தே பார்க்க வேண்டும்.

இன்றைய போன்களுக்கு, தடிமன் எட்டு மில்லிமீட்டர்தான் என்று விளம்பரம் வருகிறது. வாங்கியவரோ அன்றே கடையில் உறை வாங்கி மாட்டுகிறார். குறைத்த தடிமன் அவர் செலவில் திரும்பி வருகிறது. பேட்டரியைப் பயனரே கழற்ற முடிய வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் சட்டம் இயற்றியது. சில விலக்குகளோடு 2027 பிப்ரவரியில் அது நடைமுறைக்கு வருகிறது. 1100-இல் அந்த வசதி தொடக்கத்திலிருந்தே இருந்தது.

என் துறையின் இளைஞர்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். வரைபடத்தில் ஒரு மில்லிமீட்டரைக் குறைக்கும்முன், அதற்கான விலையை யார் கொடுக்கப்போகிறார் என்று கேளுங்கள். வாங்குபவர்தான் என்றால், அந்த மில்லிமீட்டரை விட்டுவையுங்கள்.