இரவலரும் இரவல் பயணமும்: ஐரோப்பிய வழிகாட்டி எழுத்தை ஆற்றுப்படையோடு வைத்து ஒரு வாசிப்பு

ஆய்வுச்சுருக்கம்

அயலார் வண்டியில் இடம் கேட்டு ஐரோப்பாவைச் சுற்றிய இளைஞர்களுக்காக இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த வழிகாட்டி எழுத்து, அமைப்பளவில் ஆற்றுப்படையை நினைவூட்டுவது. ஆயினும் வண்டியோட்டியைப் புரவலனுக்கு இணையாக்கும் எளிய ஒப்பீடு பொருந்தாது. வறுமையைக் காட்டுவதிலும் குழுவாகச் செல்வதிலும் இவ்விரு மரபுகளும் வேறுபடும் இடங்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஆற்றுப்படை, இரவல் பயணம், வழிகாட்டி நூல், கொடை, சுற்றம், புலம்பெயர்வு

சொல்லும் வகையும்

'ஹிட்ச்ஹைக்கிங்' என்பதற்குத் தமிழில் நிலைபெற்ற சொல் இல்லை. பேச்சு வழக்கில் 'லிஃப்ட் கேட்பது' என்கிறோம். இக்கட்டுரை 'இரவல் பயணம்' என்ற தொடரைக் கையாள்கிறது. இரவல் என்பது திருப்பித் தரவேண்டியது. பிறர் வண்டியில் கடந்த தொலைவையோ திருப்பித் தர இயலாது. அந்த வகையில் இத்தொடர் முழுமையானதன்று. எனினும் இரவலர் என்னும் பழஞ்சொல் இதனுள் ஒலிப்பதால், இங்கு எடுத்துக்கொண்ட பொருளுக்கு இதுவே ஏற்புடையது.

போருக்குப் பிந்தைய ஐரோப்பாவில் சிறு தொகையோடு பயணம் செய்வோருக்கான நூல்கள் ஒரு தனி வகையாகவே வளர்ந்தன. ஆர்தர் ஃப்ரோமர் 1957இல் வெளியிட்ட நூல், நாளொன்றுக்கு 5 டாலரில் ஐரோப்பாவைக் காணலாம் என்பதைத் தலைப்பிலேயே அறிவித்தது. 1960இல் ஹார்வர்டு மாணவர்கள் 'லெட்ஸ் கோ' வழிகாட்டியை ஒரு சிறு வெளியீடாகத் தொடங்கினர். 1971இல் கென் வெல்ஷ் எழுதிய 'ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு டு யூரோப்' இன்னும் ஒருபடி கீழிறங்கி, பயணச்சீட்டுக்கும் காசில்லாதவரை வாசகராகக் கொண்டது. போய்வந்த ஒருவர், போகவிருக்கும் ஒருவரை முன்னிலையில் விளித்து, வழியில் எதிர்ப்படுவன இவை என்று எடுத்துரைப்பதே இவ்வகையின் அடிப்படை. பரிசில் பெற்றவர் அதனைப் பெறாதவரை வழியிற் கண்டு, தாம் பெற்றதை அறிவுறுத்தி அவரும் சென்று பயன்பெறச் சொல்வது என்று தொல்காப்பியப் புறத்திணையியல் ஆற்றுப்படைக்குத் தரும் இலக்கணம் இதனோடு பெரிதும் ஒத்துப்போகிறது.

புரவலர் யார்?

இவ்வொப்பீட்டை எடுப்போர் வண்டியை நிறுத்தி ஏற்றிக்கொள்பவரையே புரவலராகக் கருதக்கூடும். இது ஆற்றுப்படையை மேலோட்டமாக வாசித்ததன் விளைவு. சிறுபாணாற்றுப்படையில் நல்லியக்கோடனை அடையுமுன் பாணர் மூன்று ஊர்களில் உண்கின்றனர். எயிற்பட்டினத்தில் பரதவர் கள்ளும் சுட்ட மீனும், வேலூரில் எயினர் புளிச்சோறும் ஆமான் இறைச்சியும், ஆமூரில் உழவர் வெண்சோறும் நண்டுக் கறியும் தருவர் என்கிறார் நத்தத்தனார். இவர்களுள் எவருக்கும் பெயரில்லை. திணையும் தொழிலுமே இவர்களுக்கு அடையாளம். பெயரும் குடியும் புகழும் இறுதியில் உள்ள அரசனுக்கு மட்டுமே உரியன.

ஐரோப்பியச் சாலையில் நிற்பவருக்கு வண்டியோட்டி இந்தப் பரதவரையும் எயினரையும் போன்றவரே. நெடுந்தொலைவு ஓடும் லாரிக்காரர், விற்பனைப் பிரதிநிதி, விடுமுறைக்குச் செல்லும் குடும்பம் என அவர் வகையால் அறியப்படுகிறார். வண்டியின் எண்பலகையையும் பயணி ஒரு பனுவலாகவே வாசிக்கிறார். ஜெர்மானியப் பலகையில் 'எம்' என்ற ஓரெழுத்து மியூனிக்கையும், பழைய பிரெஞ்சுப் பலகையின் இறுதியில் வரும் 75 பாரிசையும் சுட்டும். வருகிற வண்டி தன் வீடு திரும்புகிறதா, வீட்டைவிட்டு விலகுகிறதா என்பதை அது நெருங்குமுன் கணிக்க இவ்வெழுத்தறிவு உதவும். எண்பலகையே தேவைப்படாத இடமும் உண்டு. நாடு பிளவுண்டிருந்த காலத்தில், ஹெல்ம்ஸ்டெட் எல்லையில் கிழக்கு நோக்கி நின்றவருக்குப் பெரும்பாலான வண்டிகள் மேற்கு பெர்லினுக்கே செல்பவை. இடையிலுள்ள ஏறத்தாழ 170 கிலோமீட்டர் கிழக்கு ஜெர்மன் நிலத்தில் அவை நெடுஞ்சாலையை விட்டு விலக அனுமதியில்லை. ஏறி அமர்ந்தவர் பெர்லின் சேர்வது உறுதி.

வழியில் விருந்தளிப்போர் இரு மரபிலும் ஒத்திருக்க, இறுதியில் இருக்கவேண்டிய அரசன்தான் வழிகாட்டி நூலில் இல்லை. ஏதென்சோ இஸ்தான்புலோ பயணிக்குப் பரிசில் தரப்போவதில்லை. சேருமிடம் ஓர் ஆளாக இருந்தது மாறி ஓர் ஊராகிவிட்டது. எனவே புகழ்ச்சிக்குரிய இடம் இவ்வெழுத்தில் வெறுமையாகவே கிடக்கிறது. நன்றிக்கு உரியவர் பெயரற்றவர். பெயருள்ளதோ நன்றியை ஏற்க இயலாத நகரம்.

இவ்வெறுமையை நிரப்ப முயன்ற இரண்டைக் குறிப்பிடலாம். பேட்ரிக் லீ ஃபெர்மர் 1933 டிசம்பரில், 18 வயதில், மாதம் 4 பவுண்டு செலவில் ஹாலந்திலிருந்து கான்ஸ்டான்டிநோபிளுக்குப் புறப்பட்டவர். நடந்தே செல்வது அவர் கொண்ட விதி. ரைன் ஆற்றில் சரக்குப் படகிலும் ஏறிக்கொண்டார். மியூனிக்கில் முதுகுப்பை களவு போனபின், அங்கிருந்த பிரபு ஒருவர் அடுத்தடுத்த கோட்டைகளில் வாழ்ந்த தம் நண்பர்களுக்குக் கடிதம் எழுதி உதவினார். இங்கே ஆற்றுப்படுத்துபவர் இரவலர் அல்லர். ஒரு புரவலர் மற்றொரு புரவலரிடம் இரவலனை அனுப்புகிறார். நாற்பதாண்டுகளுக்கும் மேல் கழித்து, 1977இல், ஃபெர்மர் எழுதிய 'எ டைம் ஆஃப் கிஃப்ட்ஸ்' அக்கொடைகளை நினைவுகூர்ந்து வழங்கும் எதிர்க்கொடை என்றே வாசிக்கத்தக்கது. போலந்து கண்ட வழி இதற்கு நேர்மாறானது. 1950களின் இறுதியில் அங்கு அரசின் ஒப்புதலோடு இரவல் பயணத்திற்கெனக் கையேடு வழங்கப்பட்டது. பயணி கடந்த தொலைவுக்கேற்பக் கையேட்டிலிருந்து சீட்டுகளைக் கிழித்து ஓட்டுநரிடம் தருவார். சீட்டு சேர்த்த ஓட்டுநர்களுக்குக் குலுக்கலில் பரிசு உண்டு. பரிசில் பெறுபவர் இங்கே கொடுத்தவரே. கொடை கணக்காகிவிட்டது எனக் குறைகூறலாம். ஆயினும் வண்டியோட்டிக்கு ஒரு பெயரும் முகவரியும் கிடைத்தது அந்தக் கணக்கினால்தான்.

துண்டும் அடைத்த கதவும்

வெல்ஷின் நூல் இன்று நினைக்கப்படுவதற்குக் காரணம் டக்ளஸ் ஆடம்ஸ். 1971இல் இன்ஸ்ப்ரூக் நகருக்கருகே ஒரு வயலில் மதுமயக்கத்தில் படுத்திருந்தபோது, கையில் அந்நூல் இருந்ததாகவும், விண்மீன்களைக் கண்டு அண்டவெளிக்கும் இப்படியொரு வழிகாட்டி வேண்டுமென எண்ணியதாகவும் அவர் கூறியுள்ளார். பலமுறை சொல்லிச் சொல்லி, நிகழ்வு மறந்து சொன்னது மட்டுமே நினைவில் நிற்கிறது என்றும் அவரே பின்னர் ஒப்புக்கொண்டார். 1978இல் வானொலித் தொடராகவும் 1979இல் நாவலாகவும் வந்த அப்படைப்பை அறிவியல் எள்ளலாகவே வாசிக்கின்றனர். அதில் வரும் துண்டு பற்றிய பகுதி இரவல் பயணத்தைக் குறித்த மிகக் கூரிய சமூக அவதானம் என்பது என் மதிப்பீடு. இரவல் பயணியிடம் துண்டு இருப்பதைக் காணும் அயலவர், அவரிடம் பல்துலக்கியும் சோப்பும் பிறவும் இருக்கும் என்று எண்ணிக்கொள்வர். அவர் 'தவறவிட்ட' எதையும் தயங்காமல் இரவல் தருவர். அதாவது தேவையற்றவராகத் தோன்றுபவருக்கே உதவி கிட்டும்.

சிறுபாணாற்றுப்படையின் வறுமைச் சித்திரத்தை இதனருகே வைத்துப் பார்க்கலாம். கண் திறவாத குட்டிகள் பாலற்ற மடியைச் சுவைக்கப் பொறாது குரைக்கும் நாய், நகத்தால் கிள்ளிய குப்பைக்கீரை, உப்பில்லாத சமையல் என எதையும் மறைக்காமல் பாணன் சொல்கிறான். ஆனால் அக்கீரையை உண்ணும்போது, பிறர் காண நாணி அவன் வீட்டார் கதவை அடைக்கின்றனர். வறுமை தன்னினத்தாரிடம் சொல்லத்தக்கது, புறத்தாரிடமிருந்து மறைக்கத்தக்கது. அந்தக் கதவு செய்வதைத்தான் ஆடம்ஸின் துண்டும் செய்கிறது. வேறுபாடு புரவலன் முன்னிலையில் வெளிப்படுகிறது. பாணன் தன் கந்தையோடு அரசனிடம் செல்லலாம்; கந்தையை மாற்றிப் புத்தாடை தருவது அரசன் கடமை. ஐரோப்பியப் பயணியோ கொடுப்பவர் முன்னும் துண்டை ஏந்தியே நிற்கவேண்டும். அவருடைய வறுமை பெரும்பாலும் தேர்ந்துகொண்ட வறுமை. ஊரில் வீடும் கல்லூரியும் காத்திருக்கின்றன. நம்பத்தகுந்தவராகத் தோன்றுவதற்கு அவருக்குத் துண்டைவிடப் பெரிதும் துணைசெய்வது இந்தப் பின்னணியே.

சுற்றம்

ஆற்றுப்படையில் எவரும் தனியே செல்வதில்லை. பாணனோடு விறலியும் சுற்றமும் செல்வர். கூட்டம் பெருகப் பெருகக் கொடையும் பெருகும். மலைபடுகடாம் கூத்தர் தலைவனை அவன் சுற்றத்தோடு சேர்த்தே நன்னனிடம் ஆற்றுப்படுத்துகிறது. பன்றிப் பொறி, தினைக்காவலர் எறியும் கவண்கல், பாம்பு, வழுக்குப் பாறை என இடர்களை அடுக்கும் அந்நூல், மிக இடரான இடத்தில் ஒருவர்பின் ஒருவராகக் காத்துக் கடக்கச் சொல்கிறது. பிரிவு அந்தச் சில அடிகளுக்கு மட்டுமே.

இரவல் பயணத்தில் பிரிவே விதி. நால்வர் சாலையோரத்தில் நின்றால் எந்தக் காரும் நிற்காது. நின்றாலும் பையோடு நால்வருக்கு இடமிராது. எனவே நண்பர்கள் இருவர் இருவராகப் பிரிந்து, அடுத்த நகரில் ஓர் இளைஞர் விடுதியையோ ரயில் நிலையக் கடிகாரத்தடியையோ குறித்துக்கொண்டு விலகுகின்றனர். ஆணும் பெண்ணுமாகப் பிரிந்தால் வண்டி விரைவில் கிடைக்கும் என்பது பரவலான அனுபவ அறிவு. விறலி இங்கே வண்டியை நிறுத்தும் உத்தியாகக் குறுகுகிறாள் என்பதையும் தனித்து நிற்கும் பெண்ணுக்குரிய அச்சத்தையும் ஆண்பால் வாசகரை மனத்திற் கொண்ட நூல்கள் போதிய அளவு எண்ணவில்லை. ஒன்றாகப் புறப்பட்டவர்கள் சாலையில் ஒன்றாக இருப்பதில்லை. ஒரே பயணத்திற்கு இரண்டு கதைகள் உருவாகின்றன. மாலையில் சந்திக்கும்போது ஒருவர் மற்றவருக்குச் சொல்வதே இப்பயணத்தின் முதல் இலக்கியம். 1972இல் வந்த இன்டர்ரெயில் சீட்டு 21 வயதுக்குட்பட்டோரை ஒரே பெட்டியில் அமர்த்தியபோது, செலவு கூடியது. அந்த இரண்டாம் கதை மறைந்தது.

அதே பெர்லின்

இச்சாலைகளில் வேறு பயணிகளும் இருந்தனர். 1980களில் இலங்கைத் தமிழர் பலர் கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, நகர ரயிலில் மேற்கு பெர்லினுக்குள் நுழைந்தனர். பெர்லினைப் பிரித்த கோட்டை நாட்டெல்லையாக மேற்குத் தரப்பு ஏற்காததால், அப்பக்கத்தில் கடவுச்சீட்டுச் சோதனை இல்லை. 1980களின் நடுப்பகுதியில் இவ்வழி அடைபட்டது. இவர்களும் இளைஞர்கள், நண்பர்களோடு, சிறு தொகையோடு, மொழியறியாத ஐரோப்பாவைக் கடந்தவர்கள். ஹெல்ம்ஸ்டெட்டில் கட்டைவிரல் உயர்த்தி நின்ற மாணவனை அந்நெடுஞ்சாலை சாகசக்காரனாகக் கண்டது. இவர்களையோ சட்டத்திற்குப் புறம்பானவர்களாக.

இவர்களுக்கு அச்சிட்ட வழிகாட்டி இல்லை. முன்னே போனவர் பின்னே வருபவருக்கு வாய்மொழியாகச் சொன்னதே வழி. அதில் சேருமிடம் மீண்டும் ஓர் ஆளாக இருந்தது: ஊரார் ஒருவரின் பெயர், பாரிசிலோ சூரிச்சிலோ ஒரு தெரு, ஒரு கதவு எண்.