கர்ட்டன்ஸ் (திரைப்படம்)

கர்ட்டன்ஸ் 1983-ல் வெளிவந்த கனடிய ஆங்கிலத் திரைப்படம். ஒரு படத்தின் கதாநாயகி வேடத்துக்காக நடக்கும் நடிகையர் தேர்வைக் களமாகக் கொண்ட மர்மக் கொலைப்படம். முகமூடி அணிந்த கொலையாளி ஒவ்வொருவராகக் கொன்றுவரும் ‘ஸ்லாஷர்’ வகையைச் சேர்ந்தது. குறைந்த செலவில் எடுக்கப்பட்டு, தயாரிப்பின் நடுவே இயக்குநரை இழந்து, ஒட்டுப்போட்டு முடிக்கப்பட்ட படம். அதன் குறைகள் வெளிப்படையானவை. ஆயினும் திரையுலகில் வாய்ப்பு கொடுப்பவருக்கும் கேட்பவருக்கும் இடையே உள்ள அதிகாரத்தை இவ்வகைப் படங்களில் மிகக் கூர்மையாகக் காட்டியவற்றுள் ஒன்று.

பின்னணி

உள்நாட்டுப் படங்களில் முதலீடு செய்பவர்கள் அத்தொகை முழுவதையும் வரிக்குரிய வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளக் கனடிய அரசு 1974-ல் அனுமதித்தது. படத்தொழிலுக்குத் தொடர்பில்லாதவர்களின் பணமும் இதனால் படங்களுக்குள் வந்தது. அவசரமாகப் பல படங்கள் எடுக்கப்பட்டன. ஜான் கார்ப்பெண்டரின் ‘ஹாலோவீன்’ (1978) சிறிய செலவில் பெரும் வசூல் ஈட்டியபின் இப்பணத்தில் ஒரு பகுதி ஸ்லாஷர் படங்களுக்குச் சென்றது. ‘ப்ராம் நைட்’ (1980) அவ்வாறு வெற்றிபெற்ற படம். அதன் தயாரிப்பாளர் பீட்டர் சிம்ப்சன் அடுத்து எடுத்த திகில் படமே கர்ட்டன்ஸ். திரைக்கதையை எழுதியவர் ராபர்ட் கூசா. இயக்குநராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ரிச்சர்ட் சியூப்கா, லூயி மாலின் ‘அட்லாண்டிக் சிட்டி’ (1980) படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர். இது அவருக்கு இயக்குநராகத் தொடக்ககால முயற்சி.

சியூப்கா வளர்ந்த பார்வையாளர்களுக்கான நிதானமான உளவியல் மர்மப்படத்தை எண்ணினார். சிம்ப்சன் ‘ப்ராம் நைட்’டின் வெற்றியைத் தொடரும் கொலைப்படத்தை விரும்பினார். இருவருக்கும் ஒத்துவராமல் சியூப்கா விலகினார். சில காட்சிகள் மீண்டும் எடுக்கப்பட்டன, சில புதிதாகச் சேர்க்கப்பட்டன. 1980-ல் படப்பிடிப்பு தொடங்கிய படம் 1983-ல்தான் திரைக்கு வந்தது.

கதைச்சுருக்கம்

சமந்தா ஷெர்வுட் (சமந்தா எகர்) புகழ்பெற்ற நடிகை. ‘ஆட்ரா’ என்னும் மனம் பிறழ்ந்த பெண்ணின் வேடத்துக்காக, இயக்குநர் ஜொனதன் ஸ்ட்ரைக்கருடன் (ஜான் வெர்னான்) சேர்ந்து திட்டமிட்டு, பைத்தியம்போல நடித்து மனநலக் காப்பகத்தில் சேர்கிறாள். ஸ்ட்ரைக்கர் அவளை அங்கேயே விட்டுவிட்டு அதே வேடத்துக்கு ஆறு இளம் நடிகைகளைத் தன் மாளிகைக்கு அழைக்கிறான். அவர்களில் அமண்டா புறப்படும் முன்பே கொல்லப்படுகிறாள். பனி சூழ்ந்த மாளிகைக்கு வந்துசேர்பவர்கள் ஐவர்: அனுபவமிக்க நடிகை ப்ரூக், மேடை நகைச்சுவையாளர் பாட்டி, பாலே நடனக்காரி லாரியன், இசைக்கலைஞர் டாரா, பனிச்சறுக்கு வீராங்கனை கிறிஸ்டி. காப்பகத்திலிருந்து தப்பிய சமந்தாவும் அழைப்பின்றி வந்து நிற்கிறாள். கிழவி முகமூடி அணிந்த ஒருவர் பெண்களை ஒவ்வொருவராகக் கொல்லத் தொடங்குகிறார்.

நடிப்பும் வன்முறையும்

படத்தின் முதற்பகுதி ஒரே உத்தியை மூன்றுமுறை கையாள்கிறது. தொடக்கத்தில் சமந்தாவின் ஆவேசம் மேடை நடிப்பு எனத் தெரிகிறது. அடுத்து மருத்துவரின் அறையில் அவள் ஸ்ட்ரைக்கர்மேல் பாய்கிறாள். அதுவும் காப்பகத்தில் சேர்வதற்கான நாடகம். பின்னர் அமண்டாவின் வீட்டுக்குள் முகம் மறைத்த ஒருவன் நுழைகிறான். அவன் அவளுடைய காதலன், அது அவர்கள் ஒப்புக்கொண்ட விளையாட்டு. மூன்றுமுறை ஏமாந்த பார்வையாளர் நான்காவதாக உண்மையான கத்தி வரும்போது அதை நம்பத் தயங்குகிறார். கதாபாத்திரங்களின் நிலையும் அதுவே. எது ஒத்திகை, எது ஆபத்து என்று தெரியாத இடத்தில் அவர்கள் இருக்கிறார்கள்.

ஸ்ட்ரைக்கர் இந்தக் குழப்பத்தைத் தன் ஆயுதமாக்குகிறான். அவன் சொல்வதற்கு மறுத்தால் நடிகைக்கு அர்ப்பணிப்பு போதாது என்று ஆகிவிடும். ஒப்புக்கொண்டால் அவமானம் ‘பயிற்சி’ என்று பெயர் பெறும். தேர்வின்போது கிழவி முகமூடியைக் கொண்டு அவன் சமந்தாவை மற்றவர்கள் முன்னிலையில் சிறுமைப்படுத்துகிறான். பார்வையாளர் ஏற்கெனவே கொலையாளியின் முகத்தில் கண்ட முகமூடி அது. வயது ஏறும் நடிகைக்கு இத்தொழிலில் எஞ்சுவது என்ன என்பதை வசனமின்றியே அந்தப் பொருள் சொல்லிவிடுகிறது. கொலையாளியின் முகமூடிக்குக் கதைக்குள் இத்தகைய பொருள் கிடைப்பது ஸ்லாஷர் படங்களில் அரிது.

கிறிஸ்டியின் நிகழ்வு இதைவிட நேரடியானது. அவள் ஸ்ட்ரைக்கருடன் இரவைக் கழிக்கிறாள். காலையில் அவளிடம் எஞ்சுவது வேடம் கிடைக்குமா என்ற கலக்கம் மட்டுமே. ஹார்வி வைன்ஸ்டீன் மீதான குற்றச்சாட்டுகள் 2017-ல் வெளிவந்தபின் இக்காட்சிகளைப் பார்ப்பவருக்கு ஸ்ட்ரைக்கர் மிகைப்படுத்தப்பட்ட வில்லனாகத் தோன்றமாட்டான். அவன் குரலை உயர்த்துவதுகூட அரிதாகவே நிகழ்கிறது. மூடிய கதவும் தேர்ந்தெடுக்கும் உரிமையும் அவனுக்குப் போதுமானவையாக உள்ளன.

பனிக்குளக் காட்சி

படத்தின் புகழ் பெரும்பாலும் ஒரு காட்சியைச் சார்ந்தது. கிறிஸ்டி உறைந்த குளத்தில் தனியே சறுக்கிக்கொண்டிருக்கிறாள். பகல் வெளிச்சம். பாட்டு ஒலிக்கிறது, பிறகு நின்றுவிடுகிறது. பனிக்குள் புதைந்த பொம்மை ஒன்றை அவள் கண்டெடுக்கிறாள். நிமிர்ந்து பார்க்கும்போது, கிழவி முகமூடி அணிந்த உருவம் அரிவாளை ஓங்கியபடி அவளை நோக்கிச் சறுக்கி வருகிறது.

இருட்டும் மறைவிடமும் இல்லாமல் அச்சம் உருவாக்கப்பட்ட காட்சி இது. வெட்டவெளியில் தொலைவிலேயே கொலையாளி தெரிகிறார். திடுக்கிட வைக்கும் உத்தி எதுவும் இல்லை. நெருங்கிவரும் நேரமே அச்சமாகிறது. அதோடு, கிறிஸ்டியின் கலை பனிச்சறுக்கு. கொலையாளியும் அதையே செய்துகொண்டு வருகிறார். நடனக்காரி லாரியனும் தனியே ஆடிக்கொண்டிருக்கும்போதே தாக்கப்படுகிறாள். எந்தத் திறமையைக் காட்டி வாய்ப்புப் பெற வந்தார்களோ அதிலேயே அவர்கள் சிக்குகிறார்கள்.

இரு கொலையாளிகள்

படம் முழுவதும் சந்தேகம் சமந்தாமேல் குவிக்கப்படுகிறது. இறுதியில் சமையலறையில் சமந்தாவும் பாட்டியும் சேர்ந்து குடிக்கிறார்கள். ஸ்ட்ரைக்கரையும் ப்ரூக்கையும் சுட்டது தானே என்று சமந்தா ஒப்புக்கொள்கிறாள். மற்றவர்களைக் கொன்றது பாட்டி. அவள் சமந்தாவையும் குத்திக் கொல்கிறாள்.

இரண்டு கொலையாளிகள் என்பது வெறும் கதைத்திருப்பமாகவே பலரால் பார்க்கப்பட்டது. கதையின் பொருளோ அங்கேதான் உள்ளது. சமந்தாவின் துப்பாக்கி, போட்டியை ஏற்பாடு செய்தவனை நோக்கி நீண்டது. பாட்டியின் அரிவாள் போட்டியாளர்களை நோக்கியது. ஒரே அநீதிக்கு இருவர் கொடுத்த இரு பதில்கள் இவை. இரண்டாவதே அத்தொழில் அனைவருக்கும் கற்றுக்கொடுக்கும் பதில்: உடன் நிற்பவள் விலகினால் இடம் கிடைக்கும். பாட்டி அந்தப் பாடத்தை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றியவள். முதல் பதிலைக் கொடுத்தவள்கூட முழுமையாகத் தப்பவில்லை. ஸ்ட்ரைக்கருடன் இருந்த ப்ரூக்கையும் அவள் சுடுகிறாள். கடைசிக் காட்சியில் பாட்டி காப்பகத்து மேடையில் சக நோயாளிகள் முன் தன் தனிமொழியை நிகழ்த்துகிறாள். சமந்தா நடிப்பாகச் சென்ற இடத்துக்கு அவள் உண்மையாகவே போய்ச் சேர்கிறாள்.

பாட்டியாக நடித்த லின் க்ரிஃபின், பாப் கிளார்க்கின் ‘பிளாக் கிறிஸ்துமஸ்’ (1974) படத்தில் முதலில் கொல்லப்படும் மாணவியாக வந்தவர். கனடிய ஸ்லாஷரின் முதல் பலிகளில் ஒருவர் இங்கே கொலையாளி ஆகிறார். அவருடைய எளிய, நட்பான நடிப்பே சந்தேகத்தை அவரிடமிருந்து விலக்கிவைக்கிறது.

குறைகள்

மர்மக்கதையாகப் படம் பல இடங்களில் நொறுங்குகிறது. லாரியனுக்கு வசனங்கள் மிகக் குறைவு, அவள் மரணம் பார்வையாளரைப் பாதிப்பதில்லை. திரும்பத் திரும்ப வரும் பொம்மைக்கு விளக்கம் இல்லை. பாட்டியின் மனநிலைக்கு முன்னதாகவே கொடுக்கப்பட்டிருக்க வேண்டிய தடயங்கள் போதவில்லை. டாரா நாடகப் பொருட்களுக்கு நடுவே துரத்தப்படும் பகுதி தேவைக்கு மேல் நீள்கிறது, மற்றப் பகுதிகளின் நிதானத்தோடு ஒட்டவில்லை. பெண்களின் அச்சத்தைக் கண்டிக்கும் படமே சில இடங்களில் அந்த அச்சத்தை வேடிக்கையாகக் காட்டுகிறது என்ற விமர்சனமும் பொருந்தும். இயக்குநருக்கும் தயாரிப்பாளருக்கும் இடையே இருந்த பிளவு திரையிலும் தெரிகிறது.

இயக்குநரின் பெயர்

சியூப்கா தன் பெயர் இடம்பெறுவதை விரும்பவில்லை. படத்தின் இயக்குநராகத் திரையில் வரும் பெயர் ‘ஜொனதன் ஸ்ட்ரைக்கர்’. கதைக்குள் நடிகைகளை வதைக்கும் அதே கற்பனை இயக்குநரின் பெயர். கதையில் அதிகாரம் முழுவதும் இயக்குநரிடம் இருக்கிறது. கதைக்கு வெளியே, பணம் போட்டவரின் விருப்பத்துக்கு முன் இயக்குநரும் மாற்றத்தக்கவராகவே இருந்தார். நடிகை ஒருத்தியைக் காப்பகத்தில் விட்டுவிட்டு வேறொருத்தியைத் தேடும் கதையை எடுத்த படம், தன் இயக்குநரின் இடத்தையும் அவ்வாறே நிரப்பிக்கொண்டது.

இடம்

வெளியானபோது படம் பெரிய கவனம் பெறவில்லை. ஸ்லாஷர் அலை அப்போது வடியத் தொடங்கியிருந்தது. பின்னர் ஒளிநாடா வழியாகவும் தொலைக்காட்சி வழியாகவும் அதற்கெனச் சிறிய ரசிகர் வட்டம் உருவானது. சினாப்ஸ் ஃபிலிம்ஸ் 2014-ல் செப்பனிட்ட பிரதியை வெளியிட்டபின் பனிக்குளக் காட்சியின் ஒளிப்பதிவு மீண்டும் கவனிக்கப்பட்டது. கொலையாளி யார் என்ற புதிருக்காகப் பார்ப்பவரைப் படம் ஏமாற்றக்கூடும். ஒரு வேடத்துக்காக மனிதர்கள் எதையெல்லாம் விட்டுக்கொடுக்கிறார்கள், அதைக் கேட்கும் உரிமையை ஒருவனுக்கு யார் கொடுத்தது என்ற கேள்விகளோடு பார்ப்பவருக்கு அதன் சிதறல்களும் பொருளுடையவை.